எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலி: சிமென்ட்டா, சூட்டு ஊசியா, ரெண்டும் வேண்டாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். காங்கேயம் பக்கம் ஊர். அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து நாலு வருஷம் நன்றாக இருந்தவருக்கு இப்போது இடுப்புக்குச் சற்று மேலே ஒரு முள்ளெலும்பிலும், வலது பக்க இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறது. முதுகுக்கு ரேடியேஷன் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. அசையாமல் படுத்திருந்தால் தாங்கிக்கொள்கிறார், புரண்டாலோ எழுந்து உட்கார்ந்தாலோ உயிர் போகிறது என்கிறார். ஒரு டாக்டர் சிமென்ட் வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் ஊசி விட்டுக் கட்டியைச் சுடலாம் என்கிறார், சொந்தக்காரர்கள் "இனிமேல் எதுக்குங்க அவங்களப் போட்டு நொம்பலப்படுத்தறீங்க" என்கிறார்கள். இதில் யார் பேச்சைக் கேட்பது?

நான் கோவையில் வலி நிவாரணப் பிரிவில் வேலை செய்பவன். நீங்கள் விவரித்த வலிக்குச் சிமென்ட் பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது. அதோடு சூட்டு ஊசியையும் சேர்த்து ஒரே தடவையில் செய்வதும் உண்டு, அதனால் அந்த இரண்டு டாக்டர்களும் எதிரும் புதிருமாகப் பேசவில்லை. சொந்தக்காரர்கள் சொல்வதைத்தான் இந்த விஷயத்தில் கேட்க வேண்டாம். ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்காமல் யாரும் முடிவாகச் சொல்ல முடியாது, நானும்தான்.

மற்றதைப் பேசுவதற்கு முன்னால் இன்றைக்கே அம்மாவிடம் சில விஷயம் கேளுங்கள். கால் மரத்துப்போகிறதா, நடக்கும்போது கால் துவள்கிறதா, ஒன்றுக்குப் போவது தடைப்படுகிறதா அல்லது தெரியாமல் போய்விடுகிறதா, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா. இதில் எது ஒன்று இருந்தாலும் கட்டி தண்டுவடத்தையோ அதற்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றையையோ அழுத்துகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது சிமென்ட், சூட்டு ஊசி எல்லாவற்றையும் மறந்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தைப் போட்டு, அவசரமாக எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகெலும்பு ஆபரேஷனா ரேடியேஷனா என்று முடிவு செய்வார்கள். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர்தான் பெரும்பாலும் பிறகும் நடப்பார். கால் முழுக்க விழுந்து ஒரு நாள், ரெண்டு நாள் கழித்து வந்தால் அதைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, வண்டி கிடைக்கவில்லை என்றெல்லாம் தள்ளிப்போடுகிற விஷயமில்லை இது.

அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் வலி ஒரே மாதிரி வருவதில்லை, எந்தச் சிகிச்சை என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒன்று, கட்டியே கொடுக்கிற வலி. புற்றுசெல்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அவை எலும்பைக் கரைக்க அமிலத்தைச் சுரக்கின்றன, அதோடு கட்டி சுரக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்து நரம்பு முனைகளை எரிச்சலூட்டுகின்றன, கட்டி பெருத்து எலும்பின் மேல் உறையை இழுக்கிறது. இந்த வலி இடைவிடாத குடைச்சலாக இருக்கும், ராத்திரியில் கூடும், படுத்தாலும் விடாது. இன்னொன்று, எலும்பு தாங்கமுடியாமல் கொடுக்கிற வலி. உள்ளே அரித்துப்போன முள்ளெலும்பு பாரம் ஏறும்போது நசுங்குகிறது, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அசைகின்றன. படுத்தால் அடங்கும், புரண்டால், எழுந்தால், இருமினால் சுரீர் என்று பிடிக்கும். மூன்றாவது, நரம்பை அழுத்துகிற வலி: காலில் மின்சாரம் மாதிரி இறங்கும், எரியும், மரத்துப்போகும். ஒருவருக்கே மூன்றும் இருக்கலாம், எது தூக்கலாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்துப் பெண்களிடம் இதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பத்துக்கு எத்தனை மார்க் வலி என்று கேட்டால் "பரவால்லீங் சாமி" என்பார்கள். அதே ஆள் கட்டிலில் ஒருக்களிக்கும்போது முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொள்வார், மூச்சை நிறுத்தி, ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் ஒரே கட்டையாகத் திருப்புவார். எனக்கு அந்தத் திரும்பல் போதும், மார்க் தேவையில்லை. உண்மையான விவரம் மருமகளிடமோ மகளிடமோதான் இருக்கும்: ராத்திரி எத்தனை தடவை விழித்தார், பொடக்காளிக்கு (வீட்டுப் பின்புறத்துக்கு) போய்வர யார் பிடிக்க வேண்டியிருக்கிறது, சோறு உண்ண உட்கார முடிகிறதா இல்லை படுத்துக்கொண்டே ஊட்டுகிறீர்களா. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிப்போங்கள், அம்மாவை மட்டும் பேசவிட்டால் "பரவால்லீங்" என்று சொல்லிவிட்டு வலியோடு திரும்பிவிடுவார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அம்மாவுக்கு இரண்டாவது வகைதான் தூக்கல். ரேடியேஷன் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ரேடியேஷன் கட்டியின் வலிக்கு நல்ல மருந்து, பத்தில் ஆறு பேருக்காவது வலி குறையும், 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) என்று ஒரே ஒரு தடவை கொடுத்தாலும் பத்து நாள் கொடுத்த அளவுக்கு வலி குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே தடவை கொடுத்தவர்களுக்குப் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டி வருவது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். முதல் சில நாளில் வலி கூடிவிட்டுக் குறைவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பலன் தெரிய ரெண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம், அதனால் ஒரு மாதத்தில் "கேட்கவில்லை" என்று அடித்துச் சொல்வதும் சற்று அவசரம். ஆனால் ரேடியேஷன் கட்டியைச் சாகடிக்குமே தவிர, நசுங்கிய எலும்பை உடனே தாங்கிப்பிடிக்காது. அந்த எலும்பு மறுபடி கெட்டிப்பட மாதங்கள் ஆகும். அதுவரை அம்மா கட்டிலோடு கிடக்க வேண்டுமா என்கிற இடத்தில்தான் சிமென்ட் வருகிறது.

இந்தச் சிமென்ட் கட்டடச் சிமென்ட் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு பெரியவர் "தண்ணி ஊத்தி நனைச்சு வெக்கோணுமுங்களா" என்று என்னிடம் நிஜமாகவே கேட்டிருக்கிறார். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்கிற ஒருவகை அக்ரிலிக். மூட்டு மாற்று ஆபரேஷனில் காலங்காலமாகப் பயன்படுத்துவதுதான். 1984இல் பிரான்சில் காலிபெர், டெராமோன் என்ற இரு மருத்துவர்கள் கழுத்து முள்ளெலும்பில் இருந்த ஒரு ரத்தநாளக் கட்டிக்கு முதன்முதலாக இதை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். வெர்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர். உள்ளே முதலில் ஒரு பலூனை ஊதி இடம் உண்டாக்கிவிட்டு அப்புறம் சிமென்ட் விட்டால் கைஃபோபிளாஸ்டி. பலூன் முறைக்குச் செலவு கூடுதல், சிமென்ட் கசிவது அதில் குறைவு, வலி குறைவதில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நடப்பது இதுதான். குப்புறப் படுக்க வைப்பார்கள். வலியில் இருப்பவருக்கு இதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை வைத்து, தூக்கம் வருகிற மருந்தும் வலி மருந்தும் ரத்தக்குழாயில் கொடுத்துவிட்டுத்தான் திருப்புவோம். சிலருக்கு முழு மயக்கம் கொடுப்பதும் உண்டு. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள ஊசியை எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே முள்ளெலும்பின் பின்பக்கக் காம்பு வழியாக முன்பகுதிக்குள் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவார்கள். அந்தத் தட்டும் சத்தம் நோயாளிக்குக் கேட்கும், முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார். பொடியையும் திரவத்தையும் கலந்து, பற்பசை பதம் வந்ததும் ஊசிக்குள் தள்ளுவார்கள். பேரியம் கலந்திருப்பதால் திரையில் கருப்பாக ஊர்ந்து பரவுவது தெரியும். மொத்தமே 2 முதல் 6 மி.லி. வரைதான், ஒரு டீஸ்பூனை ஒட்டிய அளவு. பத்து, இருபது நிமிஷத்தில் இறுகிவிடும். தையல் கிடையாது, ஒரு பிளாஸ்திரி. ரெண்டு மணி நேரம் மல்லாந்து படுத்துவிட்டு எழுந்து உட்காரலாம். பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பலன் எப்போது தெரியும்? பொருத்தமான ஆளாக இருந்தால் ரெண்டு மூன்று நாளுக்குள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் புற்றுநோயால் முள்ளெலும்பு நசுங்கிய 134 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பலூன் சிமென்ட், மறுபாதிக்கு வழக்கமான மருந்துகள் என்று கொடுத்தார்கள். முதுகுவலியால் என்னென்ன வேலை செய்ய முடியவில்லை என்று 24 புள்ளிக்குக் கணக்கிடும் அளவையில், சிமென்ட் வைத்தவர்கள் ஒரு மாதத்தில் 17.6இல் இருந்து 9.1க்கு இறங்கினார்கள், மற்றவர்கள் 18.2இல் இருந்து 18.0தான். எண்ணை விட்டுவிட்டுச் சொன்னால், ஒரு கூட்டம் எழுந்து நடமாட ஆரம்பித்தது, இன்னொரு கூட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இணையத்தில் தேடினால் "வெர்டிப்ரோபிளாஸ்டியால் பயனில்லை" என்றும் உங்கள் கண்ணில் படும். அது 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றியது. பொய்ச் சிகிச்சையோடு (செய்வது போலக் காட்டிவிட்டு உண்மையில் செய்யாமல் விடுவது) ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அவை சொன்னது உண்மை, ஆனால் அவை வயதானவர்களுக்கு எலும்பு தேய்ந்து வருகிற முறிவுகளைப் பற்றியவை. புற்றுநோய் அரித்த எலும்புக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

இனி ஆபத்து. சிமென்ட் கொஞ்சம் வெளியே கசிவது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. பின்பக்கம் கசிந்து நரம்பைச் சுட்டால் கால் வலி, பலவீனம் வரலாம். ரத்தநாளம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைப்பதும் அபூர்வமாக நடக்கும். அதனால்தான் முள்ளெலும்பின் பின்சுவர் முழுசாக இருக்கிறதா, உடைந்து கட்டி தண்டுவடப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று படத்தில் தேடுகிறோம். பின்சுவர் உடைந்திருந்தால் முடியவே முடியாது என்றில்லை, ஆனால் அதைக் கை தேர்ந்தவர்தான் தொட வேண்டும். காய்ச்சல், எங்காவது சீழ், ரத்தம் உறையாத நிலை இருந்தால் தள்ளிப்போட வேண்டும். பொதுவாக ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணு 50,000க்கு மேலும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 1.5க்குக் கீழும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கீமோ ஓடிக்கொண்டிருந்தால் அணுக்கள் குறையும் நாட்களைத் தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டியிருக்கும்.

சரி, சூட்டு ஊசி. ரேடியோ அலை அலைவரிசையில் மின்சாரத்தை ஊசி முனைக்கு அனுப்பி, அங்கிருக்கும் கட்டியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சாகடிப்பது. உறைய வைக்கும் முறையும் இருக்கிறது: ஆர்கான் வாயுவை ஊசிக்குள் விரியவிட்டால் முனையில் பனிக்கட்டி உருண்டை உருவாகும், மைனஸ் 20, மைனஸ் 40 டிகிரிக்குப் போய்ச் செல்கள் உடைந்துவிடும். பத்து நிமிஷம் உறைய வைத்து, உருகவிட்டு, மறுபடி பத்து நிமிஷம். உறைமுறையில் எனக்குப் பிடித்த விஷயம், பனி உருண்டை சி.டி. ஸ்கேன் படத்தில் ஓரம் வரை தெளிவாகத் தெரியும், பக்கத்தில் நரம்பு இருந்தால் எங்கே நிறுத்துவது என்று கண்ணால் பார்த்தே நிறுத்தலாம். சூட்டில் அப்படித் தெரியாது, வெப்பமானி ஊசி ஒன்றைப் பக்கத்தில் வைத்தோ, நரம்புக்கும் கட்டிக்கும் நடுவில் குளுக்கோஸ் நீரையோ வாயுவையோ விட்டு விலக்கியோதான் காப்பாற்ற வேண்டும். செய்து முடித்த ராத்திரி வலியும் உறைமுறையில் குறைவு. ஆனால் அந்த எந்திரமும் ஊசிகளும் விலை அதிகம், எல்லா இடத்திலும் இல்லை. நம் பக்கம் சூட்டு முறையும் மைக்ரோவேவ் முறையும்தான் எளிதாகக் கிடைக்கும்.

வலிக்கு இது எவ்வளவு கேட்கும் என்பதற்கு பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்து 2004இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். 43 பேர், அநேகமாக எல்லோரும் ரேடியேஷனும் மருந்தும் பார்த்துக் கேட்காதவர்கள் அல்லது அவை ஒத்துவராதவர்கள். அவர்களில் 41 பேருக்கு வலி சொல்லிக்கொள்ளும்படி குறைந்தது. சராசரியாகப் பத்துக்கு 7.9 இருந்த மோசமான வலி நாலு வாரத்தில் 4.5க்கு வந்தது, அப்புறமும் இறங்கியது. ஒரு குறை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. எனவே அந்த எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே எடுத்துக்கொள்கிறேன். நடைமுறையில் பார்ப்பதும் நல்லதாகத்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு முள்ளெலும்பில் என்ன செய்வார்கள் என்றால், அனேகமாக ஒரே துளை வழியாக முதலில் கட்டியைச் சுட்டுவிட்டு, சுட்ட இடத்தில் சிமென்ட்டை நிரப்புவார்கள். சூட்டால் கட்டியும் எலும்பும் இன்னும் பலவீனமாகும், அதனால் பாரம் தாங்குகிற இடத்தில் சுட்டு மட்டும் விட்டுவிடுவது எனக்கு ஒப்பாது. ரேடியேஷன் ஏற்கெனவே கொடுத்திருப்பது இதற்குத் தடையில்லை.

வலது இடுப்பெலும்பு பற்றி நீங்கள் ரெண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அதுதான் கவலை. அகலமான இடுப்பெலும்பிலோ தொடை எலும்பு உட்காரும் கிண்ணத்திலோ இருந்தால் அங்கேயும் சிமென்ட் வைக்கலாம், கிண்ணத்தில் வைத்தால் நடக்கும் வலி நன்றாகவே குறையும். கட்டி தொடை எலும்பின் கழுத்திலோ தண்டிலோ இருந்தால் கதை வேறு. சிமென்ட் நசுக்கத்தைத் தாங்கும், வளைப்பையும் முறுக்கையும் தாங்காது. தொடை எலும்பில் அதை மட்டும் நம்பி நடக்கவிட்டால் ஒருநாள் பாத்ரூமில் கால் திரும்பும்போது முறிந்துவிடும். எங்கே இருக்கிறது, எவ்வளவு அரித்திருக்கிறது, நடந்தால் வலிக்கிறதா என்று கணக்கிட 1989இல் வந்த மிரெல்ஸ் மதிப்பெண் முறை இன்றைக்கும் பயன்படுகிறது. 12க்கு 9 அல்லது அதற்கு மேல் வந்தால் முறியும் முன்பே எலும்பு ஆபரேஷன் டாக்டர் உள்ளே கம்பி செலுத்துவது நல்லது. முறிவதற்கு முன் கம்பி போடுவது, முறிந்தபின் போடுவதைவிட அம்மாவுக்குப் பல மடங்கு எளிது. எனவே "இடுப்பு" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த எலும்பு என்று ஸ்கேன் எழுத்தைப் படித்துக் கேளுங்கள், சாதாரண எக்ஸ்ரே ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் சில வழிகள் இருக்கின்றன, உங்கள் அம்மாவுக்கு வேண்டியிராது, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவலாம். சிறுநீரகம், தைராய்டு புற்றுநோய் எலும்புக்கு வந்தால் ரத்த ஓட்டம் அதிகம், ஆபரேஷனுக்கு முன்பாகவோ வலிக்காகவோ தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகப் போய் அந்தக் கிளையை அடைத்துவிடலாம். விலா எலும்பு வலிக்கு அந்த விலா நரம்பை மட்டும் மரக்கச் செய்யலாம். ஊசியே இல்லாமல் எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து ஒலி அலையைக் குவித்துச் சுடும் முறைக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பொய்ச் சிகிச்சையில் 20 சதவீதம் பேருக்கு வலி குறைந்தபோது இதில் 64 சதவீதம் பேருக்குக் குறைந்தது. அந்த எந்திரம் நம் நாட்டில் சொற்பம், அதைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். உடம்பில் பத்து, இருபது இடங்களில் எலும்பு வலிக்கிறவருக்கு ஊசி வைத்தியமே பொருந்தாது. ஒன்றிரண்டு இடம் மட்டும் படுத்துகிறது, அங்கே விரல் வைத்துக் காட்ட முடிகிறது என்றால்தான் இதில் பலன். பரவலான வலிக்குக் கதிரியக்க மருந்து ஊசிகள், ஹார்மோன், கீமோ, வலி மருந்து என்று போக வேண்டும்.

வலி மருந்து என்றதும் மார்ஃபினைப் பேசாமல் விட முடியாது. "அது கடைசியில் கொடுக்கறதுங்க, பழகிரும்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கிற மார்ஃபினால் போதை அடிமை ஆகிறவர்கள் மிகக் குறைவு, ஆயுளையும் அது குறைக்காது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் ஆஸ்பத்திரிகள் இதை வாங்கி வைக்கவே தயங்கிய காலம் உண்டு, 2014இல் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிதாக்கினார்கள். அனுமதி பெற்ற மையங்களில் மாத்திரையாகவே கிடைக்கும், விலை பெரிதில்லை. மலச்சிக்கல் நிச்சயம் வரும், மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், வந்தபிறகு பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, பக்கத்து ஊர் கிளினிக்கில் தினமும் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதைக்கும். நாளாக ஆகக் கிட்னியைக் கெடுத்துவிடும். கிட்னி கெட்டால் எலும்பைப் பலப்படுத்தும் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசியையும் போட முடியாமல் போய்விடும். அந்த ஊசி அம்மாவுக்குத் தொடங்கியாயிற்றா என்று கேளுங்கள். 4 மி.கி., மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ. அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டிப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

அப்புறம் ஒரு விஷயம், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். முதுகுவலி என்றதும் எண்ணெய் போட்டு நீவுகிறவரிடமோ வர்மம் தட்டுகிறவரிடமோ கூட்டிப்போகும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. சுளுக்குக்கு நீவட்டும். புற்று அரித்த முள்ளெலும்பில் முழங்கையை வைத்து அழுத்தினால் அங்கேயே நொறுங்கி, நடந்து போனவர் கால் விழுந்து திரும்பலாம். பாசத்தில் யாராவது ஆள் கூட்டிவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எங்கே போவது? கோவை, ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (ஸ்கேன் படத்தைப் பார்த்து ஊசி வழியாகச் சிகிச்சை செய்வது) என்று பலகை இருக்கும் பிரிவிலோ, வலி மருத்துவப் பிரிவிலோ, முதுகெலும்பு ஆபரேஷன் டாக்டரிடமோ கேளுங்கள். புற்றுநோய் டாக்டரை விட்டுவிட்டுத் தனியாகப் போகாதீர்கள், எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பழைய பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இரண்டுக்கும் எழுத்து மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டும் வேண்டும். ரேடியேஷன் கொடுத்த இடத்தில் எத்தனை கிரே, எந்த முள்ளெலும்பு என்று எழுதிய தாளையும் வாங்கிவிடுங்கள். இதற்கு முன் எத்தனை பேருக்கு முள்ளெலும்பில் செய்திருக்கிறீர்கள், கசிந்தால் அவசரமாக ஆபரேஷன் செய்ய இங்கேயே ஆள் இருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் பற்றி: குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித் தொகுப்பு, முன் அனுமதி என்று இருப்பதால், ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மேசையில் சிகிச்சையின் பெயரைச் சொல்லி அது இதில் வருமா, ஊசியின் விலையும் சேருமா என்று தேதி வாங்கும் முன்னால் கேட்டுவிடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கு வீட்டுக்கே வருவார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

காங்கேயத்திலிருந்து பல்லடம் வழியாக வரும் பயணமே அம்மாவுக்குப் பெரிய சோதனை. பஸ் வேண்டாம். காரில் பின் சீட்டில் முழுக்கப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை செருகி, வேகத்தடைகளில் வண்டியை முழுசாக நிறுத்தி ஏற்றி இறக்குங்கள். டாக்டர் ஏற்கெனவே மார்ஃபின் எழுதியிருந்தால், இடையில் வரும் வலிக்கென்று சொல்லியிருக்கும் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். இதயத்துக்காகவோ வேறு எதற்காகவோ ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஊசிக்கு முன்பு நிறுத்த வேண்டியிருக்கும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

செய்து முடித்து வீட்டுக்கு வந்தபிறகு ரெண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் நாலைந்து நாள் ஊசி குத்திய இடத்தில் வலி இருக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், அது செத்த கட்டி கரைவதால் வருவது. காய்ச்சல் 101ஐத் தாண்டினாலோ, காலில் புதிதாகப் பலவீனம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும். இன்னொன்று யாரும் சொல்லாமல் விடுவது: பழைய வலிக்கு அளந்த மார்ஃபின், வலி திடீரென்று குறைந்தபின் அதிகமாகிப்போகும். அம்மா பகலெல்லாம் தூங்கிவழிந்தால், மூச்சு மெதுவானால், மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடாமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். எம்.ஆர்.ஐ. எடுத்ததும் முள்ளெலும்பின் பின்சுவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும், இடுப்பில் எந்த எலும்பு என்பதையும் மட்டும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.